ஒரே ஒரு வட்டப்படம் போதாது

வணக்கம் ஐயா,
வங்கி கிளார்க் தேர்வுக்குப் படித்து வருகிறேன். ரீசனிங்கில் சிலாஜிசம்தான், அதாவது கொடுத்த கூற்றுகளிலிருந்து எந்த முடிவு வரும் என்று கேட்கும் கணக்குதான், காலை வாருகிறது. ஒவ்வொரு வகைக்கும் ஒரு வட்டம் போட்டுத்தான் பார்க்கிறேன். ஆனாலும் 'ஐதர் ஆர்', 'பாசிபிலிட்டி' வந்தால் தப்பாகிவிடுகிறது. விதிகளை மனப்பாடம் செய்துவிடலாமா?

அன்புள்ள தம்பிக்கு,
மனப்பாடம் வேண்டாம். ஒரு படம் போட்டதும் நிறுத்திவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சிக்கல் அங்கேதான்.

'எல்லாப் பேருந்துகளும் லாரிகள். சில லாரிகள் கார்கள்.' இதற்கு லாரி வட்டத்துக்குள் பேருந்தைப் போட்டு, கார் வட்டத்தை லாரியின் ஓரத்தில் வெட்டவிடுவோம். காரும் பேருந்தும் தொடவில்லை. உடனே 'எந்தப் பேருந்தும் கார் அல்ல' என்ற முடிவு சரி என்று தோன்றும். ஆனால் கார் வட்டத்தை உள்ளே இழுத்துப் பேருந்தை வெட்டும்படி வைத்துப் பாருங்கள். இரண்டு கூற்றும் அப்படியே நிற்கும். பேருந்து முழுவதையும் காருக்குள் அடக்கினாலும் நிற்கும். ஆகவே அந்த முடிவு வராது. 'சில பேருந்துகள் கார்கள்' என்பதும் வராது, முதல் படமே அதைப் பொய்யாக்கிவிடுகிறது. ஆனால் இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்துக் கொடுத்தால் ஏதாவது ஒன்று உண்மையாகத்தான் இருக்க வேண்டும். தொட வேண்டும், இல்லையென்றால் தொடக்கூடாது. வேறு வழியே கிடையாது. அதுதான் ஐதர் ஆர்.

பாசிபிலிட்டியில் வேலை தலைகீழ். 'எல்லாப் பேருந்துகளும் கார்களாக இருக்க வாய்ப்பு உண்டு' என்றால், அது உண்மையாகும் ஒரு படம் கிடைத்தால் போதும். மேலே அதையும் போட்டுவிட்டோம். முடிவு கட்டாயம் வருமா என்று கேட்டால் அதைக் கெடுக்கும் படத்தைத் தேடுங்கள். வாய்ப்பு உண்டா என்று கேட்டால் அதற்கு இடம்கொடுக்கும் படத்தைத் தேடுங்கள்.

இன்னொன்று, பேருந்து எப்படி லாரியாகும் என்று மனம் முரண்டு பிடிக்கும். 1983-ல் உளவியலாளர் ஜோனதன் எவன்ஸும் உடன் ஆய்வாளர்களும் இதைச் சோதித்தார்கள். தர்க்கப்படி வராத முடிவுகள் நம்பும்படி இருந்தபோது 71 சதவீதம் ஏற்கப்பட்டன. நம்ப முடியாதபடி இருந்தபோது 10 சதவீதம்தான். அதனால் பெயரைத் தூக்கிவிட்டு ப, ல, க என்று எழுதிக்கொள்ளுங்கள். அரிஸ்டாட்டிலே எழுத்துகளை வைத்துத்தான் இதைச் செய்தார்.

அப்புறம், 'ஒரு சில கார்கள் மட்டுமே பேருந்துகள்' என்று வந்தால் கவனம். சில கார்கள் பேருந்துகள், சில கார்கள் பேருந்துகள் அல்ல என்று இரண்டும் அதில் அடக்கம். எல்லாக் கார்களும் பேருந்துகளாக இருக்க வாய்ப்பே இல்லை. எல்லாப் பேருந்துகளும் கார்களாக இருக்கலாம், அதற்குத் தடையில்லை.