காசோலை யார் பெயருக்கு?

கேள்வி: அமெரிக்காவில் விவசாயி கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆபீசில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும், பயிரே வைக்காவிட்டாலும் அரசு பணம் அனுப்பிவிடுமாமே? ‘விவசாயியை மதிக்கத் தெரிந்த நாடு’ என்று அங்கிருக்கும் என் தம்பி ஃபோனில் பெருமைப்படுகிறான். உண்மையா?

பதில்: பணம் போவது உண்மை. விவசாயிக்குப் போகிறதா என்பதில்தான் உங்கள் தம்பி சறுக்குகிறார்.

விலைவீழ்ச்சியைத் தடுக்க, பயிர்ப் பரப்பைக் குறைத்தால் பணம் என்று 1933-இல் ரூஸ்வெல்ட் அரசு சட்டம் போட்டது. அந்த வருடமே வளர்ந்து நின்ற பருத்தியைச் சுமார் 1 கோடி ஏக்கரில் உழுது புதைத்தார்கள். செடியை மிதிக்காமல் நடந்தே பழகிய கோவேறு கழுதைகள் அதன் மேல் கால் வைக்க மறுத்தன என்று ஒரு கதை உண்டு.

ஆர்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நிலம் பண்ணையார்களுடையது, பாடுபட்டவை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் ஒரு பங்குக்கு, பயிர் வைத்த வெள்ளை, கறுப்புக் குடும்பங்கள். 1934-35 ஒப்பந்தப்படி, விளைவிக்காமல் விட்ட பருத்திக்குப் பவுண்டுக்கு நாலரை சென்ட். (இந்த சென்ட் காசு, நிலமல்ல!) அதில் பண்ணையாருக்கு 4, வாரக்காரருக்கு அரை. அந்த அரையையும் பழைய கடனில் கழித்துக்கொண்ட பண்ணையார்கள் உண்டு. பரப்பு குறைந்த பிறகு ஆட்கள் எதற்கு? குடும்பம் குடும்பமாக வெளியேற்றினார்கள். குடிகளின், அதாவது இந்த வாரக்காரர் போன்றவர்களின், எண்ணிக்கையைக் குறைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் 7-ஆம் பிரிவு சொன்னதே என்பீர்கள். சொன்னது, ‘இயன்றவரை’ என்று சேர்த்து. பண்ணையார்களுக்கு அவ்வளவாக இயலவில்லை. 1934 ஜூலையில் அதே கவுண்டியின் டைரன்சா ஊர்ப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் கூடிக் குடிகளுக்காகச் சங்கம் தொடங்கினார்கள். முன்னின்றவர்களில் ஒருவர் சலவைக் கடைக்காரர், இன்னொருவர் பக்கத்துப் பெட்ரோல் பங்க் காரர். அந்த 7-ஆம் பிரிவுக்குக் குடிகள் பக்கம் நின்று விளக்கம் எழுதிய அதிகாரிகளை 1935 பிப்ரவரியில் அரசு வேலையை விட்டே அனுப்பியது.

பழங்கதை என்பார் தம்பி. சரி, கிட்டத்தில் வருவோம். 1996 சட்டத்தில், முன்பு நெல் விளைந்த நிலம் என்று கணக்கில் இருந்தாலே ஏக்கருக்கு இவ்வளவு என்று வந்துவிடும். டெக்சாஸில் நெல்வயலை மனை போட்டு விற்றார்கள். வீடு கட்டி வாசலில் புல் வளர்த்தவருக்கும் காசோலை வந்தது. 2000-லிருந்து இப்படி விவசாயமே செய்யாதவர்களுக்குப் போனது 130 கோடி டாலர் என்று 2006-இல் வாஷிங்டன் போஸ்ட் கணக்குப் போட்டது. 2014-இல்தான் நிறுத்தினார்கள்.

அதற்குப் பதிலாக வந்த ஒரு திட்டத்துக்குக் கவுண்டியின் சராசரிப் பயிர் வருமானம்தான் அளவுகோல், அது சரிந்தால்தான் பணம். உங்கள் வயல் காய்ந்தாலும் கவுண்டி விளைந்திருந்தால் கை விரிப்பார்கள். ரோட்டுக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால், அங்கே அமோகமாக விளைவித்தவருக்குப் பணம் வந்தாலும் வரும். தலைக்கு 125,000 டாலர் என்று உச்சவரம்பு இருந்தது. வரம்பு தலைக்குத்தானே? 2018-இல் சித்தப்பா பிள்ளைகள், அக்கா பிள்ளைகள் வரை குடும்பத் தலைகளாக எண்ண வழி செய்தார்கள். 2025-இல் வரம்பையே 155,000 ஆக்கினார்கள்.

தம்பி அடுத்த முறை பேசும்போது, அவர் கவுண்டியில் டிராக்டர் ஓட்டுகிறவர் பெயரும் காசோலையில் இருக்கும் பெயரும் ஒன்றுதானா என்று விசாரிக்கச் சொல்லுங்கள்.