மூட்டையில் எழுதிய புரதம்

கேள்வி: வான்கோழிக் குஞ்சுகளுக்குக் கறிக்கோழித் தீவனம்தான் போடுகிறேன். ஆறு வாரமாகியும் எடை ஏறவில்லை. கடைக்காரர் மேல் புகார் கொடுக்கலாமா? (கீழக்கரை வாசகர்)

மூட்டையில் 'கறிக்கோழி' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதே, படிக்கவில்லையா? வான்கோழிக் குஞ்சுக்கு முதல் 4 வாரம் தீவனத்தில் 28 சதவீதம் புரதமும், 1.6 சதவீதம் லைசினும் (புரதத்தை ஆக்கும் அமினோ அமிலங்களில் ஒன்று) வேண்டும். கறிக்கோழித் தீவனத்தில் புரதம் 22, 23தான். கடைக்காரர் மேல் தப்பில்லை.

கேள்வி: 60 சதவீதம் புரதம் என்று பில்லில் எழுதி மீன்தூள் விற்றார்கள். குஞ்சுகள் தண்ணீராகக் கழிகின்றன, வளரவே இல்லை. ஏமாந்துவிட்டேனா? (உச்சிப்புளி வாசகர்)

ஏமாற்றியிருக்கிறார்கள் என்றே தோன்றுகிறது. கழிச்சலுக்குக் காரணம் உப்பாக இருக்கலாம். உப்புக் கருவாட்டை அரைத்தால் குஞ்சு தண்ணீராகக் குடித்துத் தள்ளும். நானும் தொண்டிப் பக்கம் ஐந்து மூட்டை 'சுத்தமான சங்காயத் தூள்' (காய்ந்த பொடிமீன் தூள்) வாங்கியவன்தான். ஒரு கைப்பிடியை வாளித் தண்ணீரில் கலக்கினேன்; அடியில் அரை விரல் கனத்துக்குக் கடற்கரை மணல்!

மணலாவது கண்ணுக்குத் தெரியும். என் வயிற்றெரிச்சல் யூரியா மேல். ஆய்வில் நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்கித்தான் 'புரதம்' என்கிறார்கள். யூரியாவிலும் நைட்ரஜன் இருப்பதால், நூறு கிலோ தூளில் ஒரு கிலோ யூரியா கலந்தாலே காகிதத்தில் புரதம் கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏறிவிடும். கோழிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. உடம்பில் கறி வைக்க லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள் வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை எவ்வளவு இருந்தாலும் கறியாகாது, எச்சமாகத்தான் போகும். அதனால் புரதத்தோடு நிற்காமல், லைசின் எவ்வளவு, மெத்தியோனின் எவ்வளவு என்று கேளுங்கள். விழிக்கிற வியாபாரியிடம் வாங்காதீர்கள்.

பில்லைப் பத்திரமாக வையுங்கள். பிரிக்காத மூட்டை ஒன்றை ஒதுக்குங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவன ஆய்வகத்தில் மாதிரி கொடுத்துப் பாருங்கள். பிழைப்புக்காகத் தானே நடத்தும் சிறு பண்ணையும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும். இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். வாங்கிய விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: லைசின் பாக்கெட்டில் தூய்மை 98.5 சதவீதம், லைசின் 78 என்று இருக்கிறது. மோசடியா? (மண்டபம் வாசகர்)

இல்லை. பாக்கெட்டில் இருப்பது லைசின் ஹைட்ரோகுளோரைடு என்ற உப்பு; 98.5 அந்த உப்பின் தூய்மை. அதில் லைசின் 78, மீதி லைசினோடு சேர்ந்த ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

கேள்வி: கடலைப் புண்ணாக்கு பாதி விலைக்குக் கிடைத்தது, லேசாகப் பூஞ்சை. காயவைத்துப் போடலாமா? (பெரியபட்டினம் வாசகர்)

கூடாது. 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தது இந்தப் புண்ணாக்கு நஞ்சால்தான். வெயிலில் பூஞ்சை காயும், ஆனால் அது விட்ட அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு முழுதாகப் போகாது. குழி தோண்டிப் புதையுங்கள், ஆட்டுக்கும் வைக்காதீர்கள்.