தேர்தல் பணம்: யார் தருகிறார்கள், யார் கணக்குப் பார்க்கிறார்கள்?

நான் ஒரு கணக்காளர். சில தேர்தல்களில் வேட்பாளர்களுக்குச் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கட்சிகளின் பணம் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும் கீழே.

கேள்வி: சார், மக்களவை வேட்பாளர் 95 லட்ச ரூபாய்தான் செலவு செய்யலாமாம். தலைவர் வந்துபோன ஒரு கூட்டத்துக்கே அதைவிட அதிகம் ஆகியிருக்கும். யாரும் கேட்க மாட்டார்களா?

வரம்பு உண்மைதான். 2022 முதல் பெரிய மாநிலங்களில் மக்களவைக்கு 95 லட்சம், சட்டமன்றத்துக்கு 40 லட்சம். ஆனால் அது வேட்பாளருக்கு மட்டும். கட்சிக்கு வரம்பே கிடையாது. இது தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

1974இல் கன்வர்லால் குப்தா வழக்கில், வேட்பாளருக்குத் தெரிந்து அவருக்காகக் கட்சி செய்யும் செலவும் அவர் செலவுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே மாதத்தில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைச் செல்லாமல் ஆக்கினார்கள். 2003இல் சட்டம் ஓரளவு திருந்தியது. இப்போது நட்சத்திரப் பேச்சாளர்களின் (கட்சி பட்டியல் கொடுத்து அறிவிக்கும் முக்கியப் பிரசாரகர்கள்) பயணச் செலவும் கட்சியின் பொதுவான பிரசாரமும் வேட்பாளர் கணக்கில் வராது. ஆனால் வேட்பாளர் அந்த மேடையில் ஏறினாலோ, அவர் பெயரோ படமோ பேனரில் இருந்தாலோ, கூட்டச் செலவில் ஒரு பங்கு அவர் கணக்கில் ஏறும். சில கூட்டங்களில் வேட்பாளர் மேடையேறாமல் கீழேயே நிற்பது இதனால்தான். கட்சிக்கும் ஒரு வரம்பு வைத்தால்தான் இந்த 95 லட்சத்துக்கு அர்த்தம் இருக்கும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

கேள்வி: அண்ணா, சுயேச்சையாக நிற்கப் போகிறேன். கணக்கு விஷயத்தில் எதில் கவனமாக இருக்க வேண்டும்?

வேட்புமனு தாக்கல் செய்வதற்கு ஒரு நாள் முன்னதாகவாவது தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்கு தொடங்கிவிடுங்கள் தம்பி. மனு கொடுத்த நாளிலிருந்து முடிவு அறிவிக்கும் நாள் வரை எல்லாச் செலவும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். தேர்தல் முழுவதற்கும் சேர்த்து ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். உங்களிடம் ஒரு பதிவேடு தருவார்கள். அதில் வெள்ளைப் பக்கம் அன்றாடச் செலவுக்கு, இளஞ்சிவப்பு ரொக்கத்துக்கு, மஞ்சள் வங்கிக்கு. வேட்பாளர் செலவைக் கண்காணிக்கத் தேர்தல் ஆணையம் அனுப்பும் செலவினப் பார்வையாளர் தரப்பிலும், உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒரு நிழல் பதிவேடு எழுதிக்கொண்டிருப்பார்கள். நாற்காலி, டீ, வாடகை வண்டி என எல்லாவற்றுக்கும் மாவட்டத் தேர்தல் அலுவலர் விலைப்பட்டியல் வைத்திருப்பார். சொந்தக்காரர் இலவசமாக வண்டி கொடுத்தாலும் அந்த விலையில் கணக்கு ஏறும்.

தோற்றவர்கள் சறுக்குவது அப்புறம்தான். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். தக்க காரணம் இல்லாமல் விட்டால் மூன்று ஆண்டுகள் தேர்தலில் நிற்கவே முடியாது. வெறும் சில ஆயிரம் செலவு செய்த ஒரு பெரியவர், "தோற்றவனுக்கு என்ன கணக்கு" என்று விட்டுவிட்டு, நோட்டீஸ் வந்த பிறகு ரசீதுகளைத் தேடிக்கொண்டு என்னிடம் வந்தார். அந்த நிலை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: தேர்தல் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்தது தெரியும். அதில் என்னதான் தவறு? பணம் வங்கி வழியாகத்தானே போனது?

வங்கி வழியாகப் போனது சரிதான். கொடுத்தவர் யார் என்று வாக்காளருக்குத் தெரியாது என்பதுதான் தவறு. 2018 முதல் பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாயிலிருந்து 1 கோடி வரை பத்திரம் வாங்கி, பிடித்த கட்சிக்குக் கொடுக்க முடிந்தது. பத்திரத்தில் வாங்கியவர் பெயர் இருக்காது. அதற்கு முன் ஒரு நிறுவனம் மூன்று ஆண்டுச் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம் வரைதான் கட்சிகளுக்குத் தர முடிந்தது. 2017இல் அந்த உச்சவரம்பையும் எடுத்துவிட்டார்கள். நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்கூடக் கோடிகளைக் கொடுக்கலாம் என்றால், அது யாருடைய பணம் என்ற சந்தேகம் வரத்தானே செய்யும்?

2024 பிப்ரவரி 15 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு இரண்டையும் ரத்து செய்தது. விவரம் தர வங்கி ஜூன் 30 வரை அவகாசம் கேட்டது. அதற்குள் மக்களவைத் தேர்தலே முடிந்துவிடும். நீதிமன்றம் மறுத்தது, மார்ச் 14 அன்று பட்டியல் வெளியானது. அதிகப் பத்திரம் வாங்கியது ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம், 1,368 கோடி. அதிகம் பெற்ற கட்சி பாஜக, 6,000 கோடிக்கு மேல். வாக்களிக்கும் முன் இதைத் தெரிந்துகொள்ளும் உரிமை மக்களுக்கு உண்டு. அந்தத் தீர்ப்பின் உயிரே அதுதான்.

இப்போது எல்லாம் வெளிச்சமாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. தேர்தல் அறக்கட்டளைகள் 2013 முதல் இருக்கின்றன. பல நிறுவனங்களின் பணம் ஒரே இடத்தில் சேர்ந்து கட்சிகளுக்குப் போகும். கொடுத்தவர் பட்டியல் இருக்கும், பெற்ற கட்சிகளின் பட்டியலும் இருக்கும். யார் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்பதை மட்டும் பல நேரம் கோர்த்துப் பார்க்க முடியாது. சிறு நன்கொடையிலும் ஓட்டை உண்டு: ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் தந்தவர் பெயரைத்தான் கட்சி தேர்தல் ஆணையத்திடம் சொல்ல வேண்டும்.

கேள்வி: வியாபாரப் பணம் 80,000 ரூபாயைப் பறக்கும் படை பிடித்துவிட்டது. திரும்பக் கிடைக்குமா?

கிடைக்கும். 50,000க்கு மேல் எடுத்துச் சென்றால் ஆவணம் கேட்பார்கள். மாவட்டத்தில் இதற்கென்று ஒரு குழு இருக்கிறது. பில், வங்கிச் சீட்டுடன் போங்கள். வழக்கோ வேட்பாளர் தொடர்போ இல்லையென்றால் விடுவித்துவிடுவார்கள்.

கேள்வி: சிங்கப்பூர் குடியுரிமை பெற்ற என் மாமா கட்சிக்கு நன்கொடை தரலாமா?

கூடாது. வெளிநாட்டுக் குடிமகன் பணத்தை இந்தியக் கட்சி வாங்கக் கூடாது. இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்ப்பவர் தரலாம்.

கேள்வி: ஓட்டுக்குப் பணம் வாங்குவதும் குற்றமா?

ஆம். கொடுத்தாலும் வாங்கினாலும் ஓராண்டு வரை சிறை. 2019இல் வேலூர் மக்களவைத் தேர்தலே பணத்தால் ரத்தாகி ஆகஸ்டில் நடந்தது. ஆனால் ரத்தானதால் மட்டும் அதே வேட்பாளர் மறுபடி நிற்பதைச் சட்டம் தடுக்காது. எனக்கு இது பெரிய வருத்தம். வாங்கியவரைத் திட்டும் அளவுக்குக் கொடுத்தவரை நாம் கேட்பதில்லை.

கேள்வி: வேட்பாளர் கொடுத்த கணக்கை என்னைப் போன்ற சாதாரண ஆள் பார்க்க முடியுமா?

தாராளமாக. தேர்தல் நடத்தை விதிகளின் 88ஆம் விதிப்படி 1 ரூபாய் கட்டணம் செலுத்தி, மாவட்டத் தேர்தல் அலுவலகத்தில் யாரும் பார்க்கலாம், நகலும் கேட்கலாம். வண்டிகளின் எண்ணிக்கையிலிருந்து ஆரம்பியுங்கள். பிரசாரத்தின்போது உங்கள் தெருவில் எத்தனை வண்டி வந்தது என்று உங்களுக்குத் தெரியும் அல்லவா?