பென்சில் கோடு போட்ட ஆண்டறிக்கை: கேள்வி பதில்

எங்கள் சிறிய தொண்டு நிறுவனத்துக்குப் பதினான்கு ஆண்டுகள் நிதி கொடுத்த பெரியவர் சென்ற மாதம் காலமானார். அவரிடம் கற்றதைச் சொல்லுங்கள் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

மேடம், அவரிடம் அப்படி என்ன விசேஷம்?

ஆண்டறிக்கையைப் படிப்பார். சிரிக்காதீர்கள், படிப்பவர்கள் மிகக் குறைவு. மூன்றாம் ஆண்டு எங்கள் அறிக்கையே தபாலில் திரும்பி வந்தது. பக்கம் 4-இல் பயனாளிகள் 412 என்றும் பக்கம் 11-இல் 421 என்றும் போட்டிருந்தோம். இரண்டின் அடியிலும் பென்சில் கோடு. ஓரத்தில் பொடி எழுத்தில், "இதில் எது சரி?" அதே உறையில் அந்த ஆண்டின் காசோலையும் இருந்தது. பதில் வரட்டும் என்று காசோலையை நிறுத்தி வைக்கவில்லை. அது எனக்கு உறைக்கவே இரண்டு நாள் ஆயிற்று. 412-தான் சரி என்றும், அதில் 37 பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள் என்றும் எழுதினேன். உடனே தொலைபேசியில் கூப்பிட்டார். அந்த 37 பேர் ஏன் நின்றார்கள் என்று ஒரு மணி நேரம் கேட்டார். ஜெயித்த கதைகளை அவர் ஒருநாளும் கேட்டதில்லை.

பெரிய நன்கொடையாளரை எப்படிப் பிடிப்பது?

பிடிக்க முடியாது. இவர் முதலில் அனுப்பியது மிகச் சிறிய தொகை. மறுநாளே ரசீது போயிற்று, கீழே கையால் இரண்டு வரி நன்றியோடு. ரசீதைத் தாமதிக்காதீர்கள்.

நன்கொடைக்கு வரிச்சலுகை உண்டா?

நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஆடிட்டரைக் கேளுங்கள்.

அவர் பணம் ஊழியர் சம்பளத்துக்குப் போனதாக முன்பு எழுதியிருந்தீர்கள். நூற்றுக்கு நூறும் பயனாளிக்கே போகும் அமைப்புக்குத்தான் நான் கொடுப்பேன். இது நியாயமா?

நியாயம்தான். கணக்கர் இல்லாமல் உங்கள் நூறுக்குக் கணக்கு யார் எழுதுவது? அப்படிச் சொல்லும் அமைப்புகளில் பெரும்பாலும் வாடகைக்கும் சம்பளத்துக்கும் தனியாக வேறு நன்கொடையாளர்கள் இருப்பார்கள். பெரியவர் அந்த "வேறு" ஆளாக இருக்கச் சம்மதித்தார். "எங்கே தேவையோ அங்கே" என்று ஒரே வரி எழுதிக் கொடுப்பார்.

அப்படியானால் நிர்வாகச் செலவு எவ்வளவு ஆனாலும் பரவாயில்லையா? நன்றாக இருக்கிறது!

நான் அப்படிச் சொல்லவில்லை. தலைவரின் சம்பளம் எவ்வளவு, ஒப்பந்தம் உறவினருக்குப் போகிறதா, நிதி திரட்டவே எவ்வளவு கரைகிறது, இதெல்லாம் கேளுங்கள். மொத்தச் செலவில் நிர்வாகச் செலவு எத்தனை சதவீதம் என்பதை மட்டும் பார்க்காதீர்கள் என்கிறேன். அமெரிக்காவில் தொண்டு அமைப்புகளை எடைபோடும் கைட்ஸ்டார், சேரிட்டி நேவிகேட்டர், பிபிபி வைஸ் கிவிங் அலையன்ஸ் மூன்றும் சேர்ந்து 2013-இல் இதையே நன்கொடையாளர்களுக்குப் பகிரங்கக் கடிதமாக எழுதின. மதிப்பெண் போடுகிறவர்களே சொன்னது. அப்புறம், உங்களைப் போன்றவர்களுக்குப் பயந்து நாங்கள் ஓராண்டு கணக்கர் வைக்கவில்லை. அந்த ஆண்டுதான் 412, 421 ஆனது.

சரி, அதை ஒத்துக்கொள்கிறேன்.

நன்றி. கேள்விகள் குவிந்து கிடக்கின்றன, மேலே போகலாமா?

பெயர் போட வேண்டாம் என்றாராமே? இதெல்லாம் நடக்கிறதா?

நடக்கிறது. அமெரிக்கத் தொழிலதிபர் சக் ஃபீனி 1982-இல் தொடங்கிய அறக்கட்டளை 1997 வரை அவர் பெயர் வெளியே தெரியாமலே கொடுத்தது. 800 கோடி டாலருக்கு மேல் கொடுத்து முடித்து 2020-இல் கதவை மூடினார்கள். 2023-இல் அவர் இறந்தபோது கொடுப்பதற்கு அதிகம் மிச்சமில்லை. ஆனால் பெயர் வேண்டாம் என்பவர் யாரென்று உங்கள் நிர்வாகக் குழுவுக்காவது தெரிந்திருக்க வேண்டும். பணம் எங்கிருந்து வந்தது என்று பிறகு யாராவது கேட்பார்கள்.

பெரிய தொகை தருபவர்களை எங்கே தேடுவது?

மேலே சொல்லியாயிற்று. ரசீது.

உயிலில் ஏதாவது எழுதி வைத்தாரா?

இல்லை. ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். எழுத்தில் கேட்க எனக்குக் கூச்சம், சாவைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. தவறு என்னுடையது. வாய்வார்த்தையை நம்பி நிதித்திட்டம் போடாதீர்கள், எழுதி வாங்குங்கள்.

ஆனாலும் நாங்கள் கவிழவில்லை. பத்தாம் ஆண்டில் எங்கள் வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. அந்த ஆண்டு கூப்பிட்டு, "இனி ஆண்டுக்குக் கொஞ்சமாகக் குறைப்பேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்" என்றார். எனக்குக் கடுங்கோபம், மரியாதைக்கு வாயை மூடிக்கொண்டேன். வேறு வழியில்லாமல் சிறு சிறு நன்கொடையாளர்களாகத் தேடினோம். கடைசி ஆண்டு அவர் பங்கு இருபதில் ஒன்றுகூட இல்லை. அதற்கு நான் நன்றி சொல்லவே இல்லை.

மேடம், கோடீஸ்வரர் ஒருவரின் முகவரி கிடைத்திருக்கிறது. எப்படி எழுதலாம்?

போன மாதம் உங்களுக்குப் பணம் அனுப்பியவர்களுக்கெல்லாம் ரசீது போய்விட்டதா?