தேயிலைச் சரிவில் லைக்கோபோடியம்: தூளுக்காகப் பயிரிடலாமா?

கேள்வி: கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறேன். தோட்டத்து மண்திட்டில் பாசி போல ஒரு செடி படர்ந்திருக்கிறது. அதன் மஞ்சள் தூளுக்கு நல்ல விலை உண்டு, விதைக்கத் தூள் தருகிறேன், விளைந்ததை நானே வாங்கிக்கொள்கிறேன் என்று ஒருவர் முன்பணம் கேட்கிறார். மாதிரிக்கு ஒரு டப்பா தூளும் கொடுத்திருக்கிறார். பணம் கட்டலாமா ஐயா?

பதில்: கட்ட வேண்டாம். கொடுத்துவிட்டிருந்தால் உடனே திருப்பிக் கேளுங்கள்.

தூளுக்குச் சந்தை இருப்பது உண்மைதான். லைக்கோபோடியம் பாசி அல்ல, பெரணிக்குத் தூரத்து உறவு. பூ, காய், விதை எதுவும் கிடையாது. கதிர் போன்ற நுனியில் விளையும் ஸ்போர்தான், அதாவது விதைக்குப் பதிலாக இனம் பெருக்கும் நுண்துகள்தான், அந்தத் தூள். ஒரு துகள் சுமார் 30 மைக்ரான், எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய். தண்ணீர்மேல் தூவி விரலை விட்டு எடுத்தால் விரல் நனையாமல் வரும். மாத்திரைகள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க அந்தக் காலத்தில் இதில் புரட்டி வைத்தார்கள். அறுவை சிகிச்சைக் கையுறைகளுக்கும் தூவினார்கள். உடலுக்குள் கட்டிகளை உண்டாக்குவது தெரிந்ததும் அதை விட்டுவிட்டார்கள். ஓமியோபதி மருந்துக்கும் மேடைத் தீக்காட்சிகளுக்கும் இன்றும் வாங்குகிறார்கள். 1807-இல் பிரான்சில் நியெப்ஸ் சகோதரர்கள் இந்தத் தூளை எரித்தே ஓர் எஞ்சினை ஓட்டிக் காட்டினார்கள்.

ஆனால் இது வயலில் விளைந்து வரும் சரக்கல்ல. நேபாளத்தில் இதை நாக்பேலி என்பார்கள். அங்கே மலைக் கிராமத்தார் காட்டில் கதிர்களைப் பறித்து, காயவைத்து, தட்டிச் சலித்து விற்கிறார்கள். ஏன் யாரும் விதைப்பதில்லை? ஸ்போர் முளைக்கவே ஆண்டுக்கணக்கில் ஆகும். முளைத்ததும் மண்ணுக்கடியில் பூஞ்சையின் தயவில்தான் பிழைக்கும். அது வெளியே வந்து கதிர் விட 10 ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம். அதுவரை தேயிலையைப் பிடுங்கிவிட்டு எதைச் சாப்பிடுவீர்கள்? கொடியைப் பெயர்த்து நட்டாலும் பெரும்பாலும் கருகிவிடும்.

உங்கள் திட்டில் இருப்பதையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். குட்டி மரம் போல நிமிர்ந்து, கிளை நுனிகளில் சிறு கதிர்கள் தலைகவிழ்ந்து தொங்கினால், அது வேறு இனம். வியாபாரத் தூள் தரும் இனம் தரையோடு நீளமாக ஓடும். இலை நுனியில் மெல்லிய மயிர் இருக்கும். தனிக் காம்பில் இரண்டு மூன்று கதிர்கள் நிமிர்ந்து நிற்கும். எதுவானாலும் களைக்கொல்லி அடிக்காதீர்கள், மழையில் அந்தத் திட்டு மண்ணைப் பிடித்து நிறுத்துவது அதுதான். காப்புக்காட்டுக்குள் போய்ப் பறிக்கவும் வேண்டாம். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம்.

டப்பாத் தூளில் ஒரு சிட்டிகையில் அயோடின் சொட்டுங்கள். கருநீலமானால் மாவு கலந்திருக்கிறது. பைன் மகரந்தம் கலந்திருந்தால் நுண்ணோக்கியில்தான் தெரியும். டப்பாவை அடுப்படியில் மட்டும் வைக்காதீர்கள். குவியலாகக் கிடக்கும்போது சட்டென்று பற்றாத தூள், காற்றில் பறக்கும்போது ஒரு பொறி பட்டாலே குப்பென்று எரியும். மூச்சிரைப்பு உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் பக்கத்தில் திறக்கவும் வேண்டாம்.