டிசம்பர் விழாவும் ஜூன் மாதத்துப் பணமும்

அன்புள்ள ஐயா,

கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு கல்வி அறக்கட்டளை தொடங்கியிருக்கிறோம். ஆண்டுதோறும் டிசம்பரில் விழா எடுத்துக் கல்லூரி மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கத் திட்டம். விண்ணப்பப் படிவத்தை இணைத்துள்ளேன். நான் பணியாற்றும் கல்லூரி, வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு ஏழு ஆய்வு ஒப்பந்தங்கள் போட்டும் ஒரு வேலையும் நடக்கவில்லை. வெளிநாடு போன நம் பிள்ளைகளோ ஊரை மறந்துவிடுகிறார்கள். இவர்களை எப்படி ஊரோடு இணைப்பது? விழாவுக்குத் தாங்கள் தலைமை ஏற்கவும் வேண்டுகிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சென்ற வாரம் ஈரோட்டில் மஞ்சள் மண்டிகள் இருக்கும் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது மனத்தில் ஓடிய ஒன்றை, வீடு திரும்பியதும் உங்கள் கடிதம் மறுபடி கிளறிவிட்டது. அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் ஒப்பந்தங்கள். அந்த ஏழு ஒப்பந்தங்களையும் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லூரி முதல்வர் அறையில் மாட்டியிருப்பீர்கள். இங்கிருப்பவரிடம் அங்கிருப்பவருக்கு வேண்டிய ஒரு பொருள் இருந்தால், கையெழுத்து இல்லாமலே கூட்டாய்வு நடக்கும். 1912இல் கரும்பு இனப்பெருக்க நிலையம் கோவைக்கு வந்ததற்குக் காரணம், வட இந்தியாவில் அரிதாகப் பூக்கும் கரும்பு இங்கே பூத்து விதையும் பிடிக்கும் என்பதுதான். அந்நிலையத்து அறிவியலாளர்கள் பார்பரும் வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்ற பருத்த கரும்பை உள்ளூர்க் காட்டு இனத்தோடு கலந்து 1918இல் வெளியிட்ட கோ 205 ரகம் ('கோ' என்பது கோவை) பஞ்சாபுக்குப் போயிற்று. ஜாவாவிலிருந்து வந்த பி.ஓ.ஜே. 213 என்ற கரும்பு, கோ 213 ரகத்துக்குத் தாயாயிற்று. கோ 281உம் கோ 290உம் கடல் கடந்து அமெரிக்காவின் லூசியானாவில் பயிராயின. உங்கள் கல்லூரியில் கொடுப்பதற்கு என்ன இருக்கிறது? நொய்யலில் இறங்கிய சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணை நீரை என்ன செய்தது என்பதற்குப் பத்தாண்டு அளவீடு ஒன்று உங்கள் ஆய்வகப் பேரேட்டில் இருந்தால், தேடி வருவதற்கு ஆட்கள் உண்டு. அது இல்லாமல் எட்டாவது ஒப்பந்தம் போட்டுப் பயனில்லை.

பிள்ளைகள் ஊரை மறக்கிறார்கள் என்ற புலம்பல் எனக்குச் சலித்துப் போயிற்று. அதே கரும்பு நிலையத்தில் 1934 முதல் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள் தலச்சேரியில் பிறந்தவர். ஆசியப் பெண்களுக்கென மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இருந்த பார்பர் உதவித்தொகையில் (கரும்புப் பார்பர் வேறு, இவர் வேறு) படித்து 1931இல் முனைவரானவர். படித்து முடித்து ஊருக்குத்தான் வந்தார். 1939இல் எடின்பரோவில் நடந்த மரபியல் மாநாட்டுக்குப் போன இடத்தில் போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. 1951இல், இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையைச் சீரமைக்க நேரு அழைத்தபோது மறுபடி வந்தார். வேலையைச் சொல்லி அழைத்தால் வருகிறார்கள். நீங்கள் பொங்கல் வாழ்த்து மட்டும் அனுப்பினால் அங்கிருந்தும் பொங்கல் வாழ்த்துதான் வரும்.

என்னை உறுத்தியது உங்கள் கடிதத்தில் இருந்த 'டிசம்பர்' என்ற சொல். கல்லூரிக் கட்டணம் ஜூனிலோ ஜூலையிலோ கட்டவேண்டியது. விடுதிக்கு முன்பணம் சேரும் அன்றே கேட்பார்கள். அந்தப் பணத்துக்கு நகையை அடகு வைத்துவிட்டு வந்த தாய்க்கு டிசம்பரில் நீங்கள் கொடுப்பது, வட்டியில் கொஞ்சம் குறைய உதவலாம்.

நான் கல்லூரியில் சேர்ந்தபோது என் அப்பா ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். ஓர் அறக்கட்டளை எனக்கு உதவித்தொகை தருவதாக ஜூனில் கடிதம் அனுப்பியது; பணம் ஜனவரியில், விழாவில். அதற்குள் மெஸ் பாக்கி ஏறிக்கொண்டே போயிற்று. பாக்கிக்காரர்களின் பட்டியலைச் சாப்பாட்டுக்கூடக் கதவில் ஒட்டுவார்கள். தொகை வரிசையில் எழுதிய பட்டியல் ஆகையால் என் பெயர்தான் முதலில். நவம்பரில், பாக்கியைக் கட்டினால்தான் தேர்வுக்கு ஹால் டிக்கெட் என்று சொல்லிவிட்டார்கள்.

அப்பா என்னை மண்டிக்கு அழைத்துப் போனார். முதலாளி எங்கள் சாதியுமல்ல, எங்கள் ஊருமல்ல. சாக்கில் கைவிட்டு ஒரு விரலி மஞ்சளை எடுத்து, முறித்து உள்நிறத்தைப் பார்த்துக்கொண்டே, "ஏங்கண்ணு, மெஸ்ஸுல சோறு நல்லாருக்குதா?" என்று கேட்டார். "நல்லாருக்குதுங்க" என்றேன். "அப்பறம் ஏன் இப்பிடி எளைச்சுட்டே?" என்றார். அதற்கு மேல் ஒரு கேள்வியும் இல்லை. கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்த நோட்டுகளின் ஓரமெல்லாம் மஞ்சள் அப்பியிருந்தது. கல்லூரிக் காசாளர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்த பிறகே வாங்கினார்.

ஜனவரியில் விழா நடந்தது. "சுமை தூக்கும் தொழிலாளியின் மகன்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து என்னை மேடையேற்றினார்கள். கீழே மூன்றாவது வரிசையில் இருந்த அப்பா, மஞ்சளேறிய உள்ளங்கைகளைத் தோள்துண்டுக்குள் மறைத்துக்கொண்டார். அந்த உறையைப் பிரிக்காமல் மண்டிக்குக் கொண்டுபோனேன். முதலாளி வேண்டாம் என்று பெருந்தன்மை காட்டவில்லை. எண்ணி வாங்கிக் கல்லாவில் போட்டு, பேரேட்டில் என் பெயருக்கு வரவு வைத்தார். அடுத்த ஜூனில், நான் போய் நிற்பதற்கு முன்பே, அதே தொகையை அப்பாவிடம் கொடுத்தனுப்பினார். நடவுக்கு முன்னால் விவசாயிக்கு முன்பணம் கொடுத்துப் பழகிய மனிதருக்குப் பணம் எப்போது தேவைப்படும் என்பது தெரிந்திருந்தது.

உங்கள் அறக்கட்டளையையும் அந்த மண்டிபோல நடத்துங்கள் என்கிறேன். வெளிநாட்டுப் படிப்புக்கும் இது பொருந்தும். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் சொந்தச் செலவில் படிக்கப் போகும் பிள்ளை, விசாவுக்காக ஓராண்டுச் செலவை முன்கூட்டியே முடக்குக் கணக்கில் போட்டுக் காட்டவேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அங்கே போனபின் மாதம் 992 யூரோவாக அந்தப் பிள்ளைக்கே திரும்பக் கிடைக்கும். தோட்டத்தை அடமானம் வைக்கச் சொல்லாமல் அந்தத் தொகையைக் கடனாகக் கொடுத்து, வேலை கிடைத்தபின் வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க ஊரில் ஓர் அமைப்பு இருந்தால், நீங்கள் தேடும் வெளிநாட்டுத் தொடர்பு அந்தப் பேரேட்டிலேயே இருக்கும். கடன் பாக்கி உள்ளவன் ஊரை மறப்பதில்லை.

அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்தையும், 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் அற்பத் தொகை என்று எள்ளுபவர்களை எனக்குத் தெரியும். மேடை ஏதுமின்றி மாதந்தோறும் வங்கிக் கணக்குக்கு நேரே வரும் பணம் அது. விடுதிப் பிள்ளைக்கு அதன் அருமை தெரியும்.

கடைசியாக உங்கள் படிவம். தந்தை பெயருக்குக் கீழே 'குலம், காணிக்கோயில்' என்று ஒரு கட்டம் வைத்திருக்கிறீர்களே, அது எதற்கு? குலதெய்வக் கோயில் திருப்பணிக்கு வரி பிரிக்கும்போது குலத்தைக் கேளுங்கள், யாரும் தவறு சொல்லமாட்டார்கள். படிக்க வரும் பிள்ளையிடம் அதைக் கேட்டுவிட்டு, ஊர்ப்பற்று என்று எனக்கு எழுத உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? அந்த மண்டி முதலாளியிடம் இப்படி ஒரு படிவம் இருந்திருந்தால் நான் தேர்வே எழுதியிருக்கமாட்டேன். நல்ல மனத்தோடுதான் தொடங்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் கடிதத்திலேயே தெரிகிறது. அதனால்தான் இவ்வளவு கடுமையாகச் சொல்கிறேன்.

டிசம்பர் விழாவுக்கு நான் வர இயலாது. ஜூனில், கல்லூரிச் சேர்க்கை நடக்கும் வாரத்தில், பணத்தோடு எந்தக் கல்லூரி அலுவலக வரிசையிலாவது நிற்கப்போகிறீர்கள் என்றால் முதல் நாளே சொல்லுங்கள். கோபி பேருந்தைப் பிடித்து வந்துவிடுகிறேன்.