பழைய மர வள்ளத்தின் மேல் பிளைவுட் அடிக்கலாமா?

கேள்வி: பாம்பன் பக்கம் எங்களுக்கு 28 அடி மர வள்ளம் ஒன்று இருக்கிறது, அப்பா காலத்தில் கட்டியது. அடிப்பக்கம் கசிகிறது, ஆணித் தலைகளிலிருந்து துரு வழிகிறது. பழைய பலகையைக் கழற்றாமல் வெளிப்பக்கம் முழுக்க 12 மி.மீ. பிளைவுட் அடித்து, மேலே ஃபைபர் போட்டுவிட்டால் இன்னும் பத்து வருடம் ஓடும் என்கிறார்கள். செய்யலாமா? எந்த பிளைவுட் வாங்குவது?

பதில்: தண்ணீர் மட்டத்துக்குக் கீழே வேண்டாம். மேல்தட்டு, உள்தடுப்புகள், மீன் வைக்கும் அறை, இன்ஜின் மூடி என்று மற்ற இடங்களுக்குத் தாராளமாகப் போடுங்கள்.

உங்கள் வள்ளம் பலகையோடு பலகை சேர்த்து, இடுக்கில் பஞ்சுத் திரி திணித்துக் கலப்பற்று செய்தது என்று வைத்துக்கொள்கிறேன். அப்படிப்பட்ட படகு தண்ணீரில் ஊறி உப்பித்தான் இறுகும். கரையேற்றினால் பலகை சுருங்கும், இறக்கினால் மறுபடி உப்பும். பிளைவுட்டின் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டப்பட்டிருப்பதால் அது அந்த அளவுக்கு அசையாது. அசைகிற மரத்தின் மேல் அசையாத பலகையை ஆணியடித்தால், நாளடைவில் ஆணி ஓட்டைகள் பெரிதாகும். அந்த வழியாகத் தண்ணீர் இரண்டுக்கும் நடுவில் போய்த் தங்கிவிடும், வெளியே வர வழி இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் புதுப்படகு மாதிரி இருக்கும். உள்ளே பழைய பலகை உளுத்துக்கொண்டிருக்கும்.

இன்னொரு சிக்கல் வடிவம். பிளைவுட் ஒரு பக்கமாகத்தான் வளையும். அணியம் பக்கம், அதாவது முன்பகுதியில், உங்கள் வள்ளம் மேலும் கீழும் வளைந்து, கூடவே முறுக்கியும் போகும். அங்கே முழுப் பலகை ஒட்டி உட்காராது, இடைவெளி விழும். அந்த இடைவெளியைப் புட்டி போட்டு மூடுவார்கள், அங்கேதான் முதலில் பிளக்கும். எடையையும் பாருங்கள். 8க்கு 4 அடி, 12 மி.மீ. பலகை ஒன்று சுமார் 25 கிலோ. பத்துப் பலகை அடித்தால் கால் டன். அந்தப் பாரத்தை டீசல் செலவாகத் தினமும் கட்டுவீர்கள்.

‘கன்னியாகுமரிப் பக்கமும் கேரளாவிலும் பிளைவுட் வள்ளம் நன்றாகத்தானே ஓடுகிறது?’ என்று கேட்பீர்கள். ஓடுகிறது, 1980களிலிருந்தே ஓடுகிறது. ஆனால் அவை தொடக்கத்திலேயே பிளைவுட்டுக்கென்று வரைந்தவை. பலகைகளை வடிவத்துக்கு வெட்டி, விளிம்புகளைக் கம்பியால் தைத்து, மூட்டுகளில் கண்ணாடி இழையும் ரெசினும் (இறுகிக் கெட்டியாகும் பிசின்) போட்டுக் கட்டுகிறார்கள். அங்கே பிளைவுட்தான் படகின் உடம்பு. உங்களிடம் சொன்னவர்கள் அதைச் சட்டையாக மாட்டச் சொல்கிறார்கள்.

சரி, கசிவுக்கு என்ன செய்வது? முதலில் படகைச் சோதியுங்கள். சின்னச் சுத்தியலும் கூரான ஊசியும் போதும். பலகையைத் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல மரம் ‘டொக்’ என்று கணீரென்று பேசும், உளுத்தது ‘பொத்’தென்று அமுங்கும். சந்தேகமான இடத்தில் ஊசியைக் குத்துங்கள். நல்ல மரத்தில் நுனி மட்டும் இறங்கி, இழுக்கும்போது பிடிக்கும். உளுத்ததில் சத்தமில்லாமல் போய்விடும். ஏராவை (அடியில் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்பு மரம்) ஒட்டிய முதல் பலகை, வங்குகளின் (பலகைகளைத் தாங்கும் விலா மரங்கள்) அடிக்கால், மேல்தட்டுக்குக் கீழே மழைத்தண்ணீர் தேங்கும் மூலைகள் ஆகியவற்றை விடாதீர்கள். மரத்துக்கு மழைத்தண்ணீர் செய்யும் கேட்டைக் கடல்தண்ணீர் செய்வதில்லை. குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் கூட்டமாகத் தெரிந்தால் அது கப்பல் புழு. வெளியே ஊசி முனை, உள்ளே விரல் கனத்தில் சுண்ணாம்பு பூசிய குழாய். அந்தப் பலகையைக் கழற்றியே ஆகவேண்டும்.

துரு வழியும் ஆணிகளில் சிலவற்றைப் பிடுங்கிப் பாருங்கள். நடுவில் இளைத்து ஒட்டடைக் குச்சியாக வந்தால், அந்த வரிசை முழுவதற்கும் புது ஆணி, பழைய ஓட்டையிலிருந்து தள்ளி. வங்குகளில் பாதிக்கு மேல் கெட்டிருந்தால், என் கணக்கில் அந்தப் படகுக்குச் செலவு செய்வதில் அர்த்தமில்லை. அப்படி இல்லையென்றால் கெட்ட பலகைகளை மட்டும் எடுத்து, அதே வகை மரத்தில் புதுப்பலகை போட்டு, மறுபடி கலப்பற்று செய்யச் சொல்லுங்கள். ஆசாரி கூலி கொஞ்சம் கடிக்கும், பரவாயில்லை.

அப்புறம் பிளைவுட். கடையில் ‘மரைன் ப்ளை’ என்று கேட்டால் எதையாவது நீட்டுவார்கள். பலகையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு ஐ.எஸ். 710 என்று அச்சாகியிருக்க வேண்டும். 303 என்று போட்டது வீட்டு அலமாரிக்கு, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள். 710 தரத்துப் பசை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக்கூடாது என்பதுதான் கணக்கு. நீங்கள் ஒரு துண்டு வாங்கி வந்து அடுப்பில் அரை நாள் கொதிக்கவைத்துப் பாருங்கள். அடுக்கு பிரிந்தால் முத்திரை என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுங்கள். விளிம்பையும் பாருங்கள். நடு அடுக்கில் பொந்து தெரிந்தால் தண்ணீர் அங்கேதான் குடியிருக்கும்.

பிளைவுட் கெடுவது முகத்தில் அல்ல, வெட்டு விளிம்பிலும் திருகு ஓட்டையிலும்தான். அதனால் வெட்டிய எல்லா விளிம்புக்கும், பொருத்துவதற்கு முன்பே, இரண்டு மூன்று கை எப்பாக்சி (இரண்டு பாகங்களைக் கலந்து பூசும் ரெசின்) கொடுங்கள். ஓட்டைகளுக்கும் அப்படியே. சாதாரண பாலியெஸ்டர் ரெசின் மலிவுதான், ஆனால் மரத்தை எப்பாக்சி அளவுக்குப் பிடிக்காது. வெயில் ஏறும் காலையில் பூசினால் மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து கொப்புளமாக வெளியே வரும். வெயில் இறங்கும் பிற்பகலில் பூசினால் மரம் குளிரக் குளிர ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். நம் ஊர் மே மாத வெயிலில் ஒரே டப்பாவில் நிறையக் கலக்காதீர்கள், புகைந்து கட்டியாகிவிடும். அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். பாலியெஸ்டர்தான் என்று முடிவெடுத்தால் ஒன்று முக்கியம்: அதை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட்டையும், இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, வெடிக்கும். ஒன்றை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகுதான் மற்றொன்று.

வேலையை எப்போது வைத்துக்கொள்வது? ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் எல்லாம் மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேறிவிடும், ஆசாரிகள் கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். கரையில் வள்ளத்துக்கு மேல் ஓலைப் பந்தல் கட்டாயம் போடுங்கள். நேர்வெயிலில் வெடித்துக் காய்ந்த இடுக்கில் கலப்பற்றை இறுகத் திணித்தால், ஊறி உப்பும்போது பலகை ஒன்றையொன்று தள்ளி வங்கிலிருந்து ஆணியைப் பிடுங்கும். கடலில் இறக்கியதும் ஓரிரு நாள் கசியத்தான் செய்யும். பயப்படாமல் ஆழம் குறைந்த இடத்தில் கட்டிப்போட்டு, பம்போடு ஒரு ஆளை இரவும் நிறுத்துங்கள். மூன்றாம் நாளும் அதே அளவு தண்ணீர் ஏறினால் திரும்பக் கரையேற்றி, ஏராவை ஒட்டிய இடுக்கை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.